பத்ரக் வரை போன வீடு

போன மாதம் அமெரிக்காவிலிருந்து பேரன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஒரு கணவனும் மனைவியும் பெரிய பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஒரு மரவீட்டைக் கோத்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். சரிவான கூரை, ஜன்னலுக்குத் திரைச்சீலை, வாசலில் ஒரு பூந்தொட்டி கூட இருந்தது. ‘டைனி ஹவுஸ்’ என்று பெயராம். ஒரு கடற்கரையில் கிளம்பி மறு கடற்கரை வரை நாட்டையே குறுக்காகக் கடக்கிறார்களாம். கீழே பேரன் கேட்டிருந்தான்: “தாத்தா, நீ இந்த மாதிரி வீட்டை இழுத்துக்கிட்டு எங்கயாவது போயிருக்கியா?”

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் நான் போயிருக்கிறேன். 2002 சித்திரை மாதத்தில், மணலியிலிருந்து ஒரிசாவில் பத்ரக் பக்கம் வரை. ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்.

அந்த அமெரிக்க வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அங்கே பல ஊர்களில் வீடு என்றால் இத்தனை அடிக்குக் குறையக் கூடாது என்று கட்டட விதி இருக்கிறது. சக்கரம் வைத்துவிட்டால் அது வண்டிக் கணக்கில் போய்விடும். அகலம் எட்டரை அடிக்குள் இருந்தால் தனி அனுமதி இல்லாமல் சாலையில் இழுத்துப் போகலாம். நம் ஊரிலும் ஆள் இல்லாமல் இல்லை. நாமக்கல் மாவட்டத்துக்காரர் அருண் பிரபு என்ற இளைஞர் 2019-இல் ஒரு ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில் ஒரு வீட்டைக் கட்டினார். படுக்கை, சமையல், குளியல், கழிப்பறை, மேலே ஒரு குட்டி மொட்டை மாடி, எல்லாம் சேர்த்துச் செலவு ஏறக்குறைய 1 லட்சம் ரூபாய். ஆனந்த் மகிந்திரா அதைப் பாராட்டி எழுதிய பிறகு படம் எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் போன வீடு அவ்வளவு அழகானது இல்லை. அது ஒரு பழைய கன்டெய்னர்.

சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-இல் வந்தது. அதுவரை ராயபுரத்தில் சாக்கும் பெட்டியும் பீப்பாயுமாகப் பார்த்த சரக்கு, அதற்குப் பிறகு இரும்புப் பெட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது. கடலில் பல வருஷம் ஓடி, உப்புக் காற்றில் துருவேறி, இனிக் கப்பலுக்கு ஆகாது என்று ஒதுக்கிய பெட்டிகளை மணலி, மாதவரம் பக்கத்து யார்டுகளில் வாங்கிப் போடுவார்கள். நான் கணக்கு எழுதிய கம்பெனி அப்படிப்பட்ட பெட்டிகளை ஆபீஸ் அறையாகவும் தங்கும் அறையாகவும் மாற்றி விற்றது. கேஸ் கட்டரால் பக்கச் சுவரில் ஜன்னலுக்கும் கதவுக்கும் வெட்டுவார்கள். வெட்டினால் சுவரின் பலம் போய்விடும் என்பதால் சுற்றி ஆங்கிள் வைத்து வெல்டு அடிப்பார்கள். உள்ளே கண்ணாடிப் பஞ்சு வைத்து, அதன் மேல் பிளைவுட் அடித்து, தரைக்கு வினைல் விரித்து, ஒரு மூலையில் குளியலறை, இரண்டு கட்டில், ஒரு மேஜை. வெயிலில் நின்றால் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும் என்பதால் ஏசிக்கு ஒரு ஓட்டை.

இருபது அடி நீளம், எட்டு அடி அகலம். அதாவது 160 சதுர அடி. முதல் பெட்டி தயாரானபோது நான் உள்ளே போய் நின்று பார்த்தேன். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த வாடகை வீடு பத்துக்குப் பதினாறு. அதுவும் 160 தான். அதில் அப்பா, அம்மா, நாங்கள் மூன்று பேர். குளியலறை வீட்டுக்குள்ளே இல்லை, கட்டில் ஒன்றுகூட இல்லை. அந்தக் கணக்கில் இந்தப் பெட்டி பங்களா.

அப்போது தங்க நாற்கரச் சாலை வேலை நாடெங்கும் நடந்துகொண்டிருந்தது. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நான்கையும் இணைக்கும் 5,846 கிலோமீட்டர். சாலை போடும் கான்டிராக்டர்களுக்கு ஊரே இல்லாத இடத்தில் எஞ்சினியர்கள் தங்க அறை வேண்டும். வேலை நகர நகர அறையும் நகர வேண்டும். அப்படி வந்த ஆர்டர்தான் இது. முன்பு ஒரு முறை அனுப்பிய பெட்டி நசுங்கிப் போய்ச் சேர்ந்து பணம் நின்றுவிட்டதால், இந்த முறை கூடவே ஒரு ஆள் போகட்டும் என்றார் முதலாளி. எனக்கு அப்போது 42 வயது. ராயபுரம் ஸ்டேஷனைத் தென்னிந்தியாவின் முதல் ஸ்டேஷன், 1856-இல் திறந்தது என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேனே தவிர, ரயிலேறி விஜயவாடாவைத் தாண்டியது இல்லை. ஆசையாகத்தான் சம்மதித்தேன்.

கிளம்பும் அன்று முதலாளி கதவைப் பூட்டி, பூட்டின் மேல் காகித சீல் ஒட்டி, ரப்பர் ஸ்டாம்ப் குத்தினார். சாவியை என் கையில் கொடுத்து, “புதுப்பொண்ணு மாதிரி கொண்டுபோய் இறக்கணும். ஒரு கீறல் இருக்கக் கூடாது. வழியில தொறக்கக் கூடாது. தொறந்தா இவனுங்க உள்ள பூந்து சமைப்பானுங்க” என்றார். ‘இவனுங்க’ என்றது டிரைவரையும் கிளீனரையும். அவர்கள் இரண்டடி தள்ளி, பெட்டியின் நான்கு மூலையிலும் ட்விஸ்ட் லாக்கைத் திருப்பி இறுக்கிக்கொண்டிருந்தார்கள். காதில் விழாமல் இருந்திருக்காது.

டிரைவர் சங்ககிரிக்காரர். ஐம்பது வயது இருக்கும். கிளீனர் பையனுக்குப் பத்தொன்பது. இழுக்கும் வண்டி நம் எண்ணூர் லேலண்டில் பிறந்தது. நாற்பதடி டிரெய்லரில் இருபதடிப் பெட்டியை முன்பக்கம் ஏற்றியிருந்ததால் பின்னால் பாதித் தளம் காலியாக இருந்தது. வீட்டுக் கதவு அந்தக் காலி இடத்தைப் பார்த்தபடி இருந்தது. டிரைவர் சிரித்துக்கொண்டே, “பாருங்க சார், வீடும் இருக்குது, திண்ணையும் இருக்குதுங்க” என்றார். அன்றிலிருந்து அதற்குத் திண்ணை என்றே பேர்.

முதல் ராத்திரி தடா. அந்தக் காலத்தில் தடா செக்போஸ்ட் என்றால் லாரிகளின் திருவிழா. 2017-இல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் செக்போஸ்ட்டுகள் எடுபட்ட பிறகு இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். என் கம்பெனிக் கோட்டில் நான் நின்று சீக்கிரம் முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை. திரும்பி வந்தபோது டிரைவர் சமைத்து முடித்திருந்தார்.

லாரிக்குள் எத்தனை அறை இருக்கிறது என்பதை அன்றுதான் கண்டேன். சேஸிஸின் பக்கவாட்டில் தொங்கும் இரும்புப் பெட்டிதான் சமையலறை. பம்ப் ஸ்டவ், இரண்டு பாத்திரம், ஊரிலிருந்து கட்டிவந்த அரிசி, பாட்டிலில் புளிக்காய்ச்சல், காகிதத்தில் மடித்த வத்தல். தண்ணீர் கேன் இன்னொரு பக்கம். கேபினில் கண்ணாடிக்கு மேலே முருகனும் மாரியம்மனும், அது பூஜையறை. சீட்டுக்குப் பின்னால் ஒன்றரை அடிப் பலகை; அது படுக்கையறை. துணி காய்வது கண்ணாடி ஓரத்தில். எல்லாம் சேர்த்து ஏழடிக்கு ஐந்தடி. நான் கணக்குக்காரன் இல்லையா, உடனே பெருக்கிப் பார்த்தேன். 35 சதுர அடி. அதற்குப் பின்னால் நாங்கள் இழுத்துப் போனது 160.

பலகையை எனக்குக் கொடுத்துவிட்டு டிரைவர் திண்ணையில் படுத்தார். பையன் டிரெய்லருக்கு அடியில், அச்சுகளுக்கு நடுவே தார்ப்பாயை விரித்துக்கொண்டான்.

அப்புறம் நெல்லூர், ஒங்கோல், சிலகலூரிப்பேட்டை. ரோடு பெரும்பாலும் இருவழிதான். நாலுவழிக்காக இரண்டு பக்கமும் புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். ஊருக்குள் நுழையும்போதெல்லாம் பையன் மேலே ஏறிக் கூரையின் மேல் குப்புறப் படுத்துக்கொள்வான். தாழ்வாகத் தொங்கும் கம்பியைக் காய்ந்த மூங்கிலால் தூக்கிவிட்டு “போலாம்ண்ணே” என்று குரல் கொடுப்பான். அந்த வீட்டின் மேல் ஒரு கீறல் விழாமல் இருந்ததற்குக் காரணம் நான் இல்லை, அவன்தான்.

விஜயவாடாவில் கிருஷ்ணா. ராவுலபாலெம் பக்கம் கோதாவரியை இரண்டு கிளையாகக் கடந்தோம். மூன்றாம் நாள் ராத்திரி அன்னவரம். அந்த மலைக் கோயிலில் சத்யநாராயண சுவாமி. கீழே ரோட்டோரத்திலேயே இலையில் மடித்துக் கோதுமை ரவைப் பிரசாதம் கிடைக்கும். மூன்று பேரும் திண்ணையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அதைச் சாப்பிட்டோம். என் முதுகு வீட்டுக் கதவில் சாய்ந்திருந்தது.

அன்று டிரைவர் சொன்னார்: “நானும் ஊர்ல வீடு கட்டியிருக்கேனுங்க சார். ஆறு வருசமாச்சு. மாடிப்படி எல்லாம் வச்சு. அதுல நான் படுத்த ராத்திரிய எண்ணிச் சொல்லிடலாமுங்க.”

“எவ்ளோ இருக்கும்?” என்று கேட்டேன்.

“எண்ணுனா வருத்தமாப் போயிருமுங்க” என்று சொல்லி இலையைச் சுருட்டிப் போட்டார்.

நான்காம் நாள் ஸ்ரீகாகுளம் தாண்டியதும் பையன் கூரையிலிருந்து இறங்கும்போது தடுமாறினான். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. இச்சாபுரத்தில் ஒரு கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். மறுநாள் முழுக்க ஒரிசாவின் கிரிசோலா செக்போஸ்ட் தின்றது. என் பேப்பரில் ஏதோ ஒன்று குறைகிறது என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்தினார்கள். நிழல் இல்லை. பையன் டிரெய்லருக்கு அடியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, சித்திரை வெயிலில் குளிரால் நடுங்கினான்.

இருட்டிய பிறகு விட்டார்கள். பெர்ஹாம்பூர் தாண்டி, சிலிகா ஏரி ஓரமாகப் போய்க்கொண்டிருந்தபோது காற்று திரும்பியது. அந்தப் பக்கம் சித்திரை வைகாசியில் சாயங்காலங்களில் ஒரு புயல்மழை அடிக்கும்; ‘கால்பைசாகி’ என்பார்கள். நம் எண்ணூர்க் கரையில் ஐப்பசி கார்த்திகைப் புயல் பார்த்த எனக்கே பயமாகிவிட்டது. வண்டியை ஒரு தாபா ஓரம் நிறுத்தினோம். தாபாக்காரர் கீற்றுக் கொட்டகையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார், அவருக்கே இடமில்லை. திண்ணையில் மழை குதித்தது. டிரெய்லருக்கு அடியில் தண்ணீர் ஓடியது. மூன்று பேரும் கேபினுக்குள் ஏறினோம். பலகையில் பையனைப் படுக்க வைத்தோம். கேபின் கூரை பழசு. சரியாக அந்தப் பலகைக்கு மேலேதான் ஒழுகியது. டிரைவர் ஒரு தட்டை வைத்துப் பிடித்தார். தட்டு நிறைந்ததும் ஜன்னல் வழியே கொட்டிவிட்டு மறுபடி பிடித்தார்.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

பதினைந்தடி தள்ளி, இரண்டு கட்டில், மெத்தை, சொட்டு ஒழுகாத கூரை. எனக்கு அது நினைவில் இல்லை என்று சொன்னால் பொய். அதைத் தவிர வேறு நினைவே இல்லை. சீல் கிழிந்தால் முதலாளி என்ன சொல்வார், ஈரக்காலோடு ஏறினால் வினைல் என்ன ஆகும், பணம் நின்றால் என் வேலை என்ன ஆகும், மகளுக்கு வரும் ஜூனில் ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டும், இதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஓடியது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் பைலில் ஒட்டாத சீல் காகிதம் நான்கும் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தன. வழியில் மழையில் நனைந்து கிழிந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளச் சொல்லி முதலாளியே கொடுத்தனுப்பியவை. நான் திறந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படியும் திறக்கவில்லை.

டிரைவர் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை, மின்னல் வெட்டியபோது, என் சட்டைப் பையைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டார். மழை விடிய ரெண்டு மணி நேரம் இருக்கும்போதுதான் நின்றது.

காலையில் டீ குடிக்கும்போது எனக்குத் தாங்கவில்லை. “சீல் வச்சிருக்கு, அதான்...” என்று இழுத்தேன்.

“நீங்க என்ன சார் பண்ணுவீங்க. வீடு உங்களுதுங்களா?” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். அதனால்தான் அது இன்னும் போகவில்லை.

புவனேஸ்வரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். ரத்தம் எடுத்துப் பார்த்து மலேரியா என்றார். ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார். டாக்டர் பீஸை நான் கொடுக்கப் போனேன்; டிரைவர் முந்திக்கொண்டார். கட்டக்கில் மகாநதியைக் கடக்கும்போது பையன் எழுந்து உட்கார்ந்து கம்பி ஏதாவது வருகிறதா என்று பார்த்தான். டிரைவர் அவன் தலையில் கைவைத்து மறுபடி படுக்க வைத்தார். அந்தப் பக்கத்து ஊர்களில் கம்பி வந்தபோது மூங்கிலைத் தூக்கிக்கொண்டு கூரையில் ஏறியது நான்.

ஏழாம் நாள் காலை, பத்ரக்குக்கு முன்னால் ஒரு பொட்டல் வெளி. அதுதான் சைட். ஜல்லிக் குவியல், ரோலர், இரண்டு கூடாரம். எஞ்சினியர் ஒரு இளைஞர், தெலுங்குக்காரர், அரைகுறைத் தமிழ் பேசினார். நான் பைலை விரித்து, சீல் முழுசாக இருப்பதைக் காட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். அவர் பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரல் நகத்தால் சீலைக் கீறி, கதவைத் தள்ளித் திறந்தார். திரும்பியபோது, கேபின் படியில் போர்வையோடு உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்தார். “ஜுரமா? இங்க வந்து படுக்கச் சொல்லுங்க” என்றார்.

அவ்வளவுதான். பையனை இரண்டு பேர் பிடித்து ஏற்றி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மெத்தையில் படுக்க வைத்தார்கள். ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் அதைச் சுமந்தவர்களில் அந்த வீட்டில் முதலில் படுத்தவன் அவன்தான். அவன் செருப்புச் சேறு வினைலில் ஒட்டியது. எஞ்சினியர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. என் படிவத்தில் ‘பொருளின் நிலை’ என்ற இடத்தில் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நான் அங்கிருந்து பஸ் பிடித்துப் புவனேஸ்வரம் போய், கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஊர் திரும்ப வேண்டும். அவர்கள் பையன் தேறியதும் வேறு லோடு பார்த்து வருவதாக ஏற்பாடு. கிளம்பும்போது டிரைவர் தூக்குவாளியில் எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்தார். வாளியைத் திருப்பித் தர வேண்டுமே என்றேன். “மணலி வருவேனுங்க, வாங்கிக்கிறேன்” என்றார். அது வரைக்கும் அவரை ‘டிரைவர்’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றுதான் “வரேண்ணே” என்று வந்தது வாயில்.

முதலாளி படிவத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டினார். அந்த மாதம் 500 ரூபாய் கூடப் போட்டுக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். டிரைவர் ஆடி மாதம் ஒருமுறை வந்தார். பையன் தேறி ஊருக்குப் போய்விட்டான், இனி லாரிக்கு வரமாட்டேன் என்கிறான் என்றார். வாளியை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

இப்போது திருவொற்றியூரில், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன். துறைமுகத்துக்குள் நுழைய டிரெய்லர்கள் நாள் கணக்கில் வரிசை கட்டி நின்ற வருஷங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். நம் பஸ் நகராததால் நாம் எல்லாரும் அவர்களைத் திட்டினோம். நானும் திட்டியிருக்கிறேன். ஒருநாள் நின்ற பஸ்ஸின் ஜன்னல் வழியே பார்த்தபோது, ஒரு டிரெய்லர் பக்கத்தில் பம்ப் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. மேலே இருபதடிப் பெட்டி, பூட்டு, சீல். கீழே ஒருவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். களைந்த தண்ணீரைக் கொட்டாமல் முகம் கழுவ எடுத்து வைத்தார். பிறகு நான் வாசல் சுவருக்கு வெளியே ஒரு குழாய் வைத்தேன். வீட்டம்மா மெட்ரோ வாட்டர் லாரி வராத நாட்களில் இன்றும் அதற்காக என்னைப் பேசுவாள். கீழ்ப்போர்ஷன் கழிப்பறையையும் திறந்து விட்டேன். முதல் வாரம் யாரும் வரவில்லை. எழுதி மாட்டினேன், வந்தார்கள். பழைய கணக்கை இதை வைத்து நேர்செய்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. நாற்பது வருஷம் லெட்ஜர் எழுதியவனுக்கு எது எதற்கு ஈடாகும் என்று தெரியும்.

பேரனுக்கு, “போயிருக்கேன்டா கண்ணா” என்று மட்டும் பதில் போட்டேன். உடனே துள்ளிக்கொண்டு அடுத்த கேள்வி வந்தது: “சூப்பர் தாத்தா! வீட்டுக்குள்ள தூங்கினீங்களா?”

மூன்று வாரமாகிறது. அதற்கு இன்னும் பதில் போடவில்லை. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க அவன் அம்மா சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். படிக்க வந்ததும் இதைப் படிக்கட்டும்.